உச்சியில் ஆறு கண்கள்: தலைக்கு அளவான தொப்பிக்குள் ஒரு வட்டப் பாடம்

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், வட செபராங் பிறை மாவட்டத்தில் இருக்கிறது கெப்பாலா பத்தாஸ். மலாய் மொழியில் 'கெப்பாலா' என்றால் தலை. 'பத்தாஸ்' என்றால் வரப்பு, எல்லை. தலையைப் பெயரிலேயே வைத்திருக்கும் ஊரிலிருந்து ஒரு தொப்பிப் பாடத்தைத் தொடங்குவது பொருத்தம்தான். ஆனால் பெயர் மட்டும் காரணமல்ல, மாணவர்களே.

இந்த ஊரைச் சேர்ந்த பெர்த்தாமில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருத்துவ வளாகம் இருக்கிறது. புற்றுநோய்க்குச் சிகிச்சை தரும் இடங்களில் அதுவும் ஒன்று. கீமோதெரபி மருந்து ஏற்றிக்கொள்ளும் பலருக்கு, முதல் மருந்து ஏற்றிய இரண்டு மூன்று வாரங்களில் முடி கொட்டத் தொடங்கும். வேகமாகப் பிரியும் உயிரணுக்களைத் தாக்குவதுதான் அந்த மருந்துகளின் வேலை. புற்றணுக்கள் வேகமாகப் பிரிகின்றன. முடியின் வேரில் உள்ள உயிரணுக்களும் அப்படியே. நம் தலையில் சுமார் ஒரு லட்சம் முடிகள் உள்ளன. அவற்றில் பத்தில் ஒன்பது பங்கு எந்த நேரத்திலும் வளர்ந்துகொண்டே இருப்பவை. அதனால்தான் அடி அவற்றின் மேல் விழுகிறது. எல்லாக் கீமோ மருந்தும் முடியைக் கொட்ட வைக்காது. கொட்டினாலும், சிகிச்சை முடிந்த பின் பெரும்பாலும் மீண்டும் முளைத்துவிடும். ஆனால் முடி மாதத்திற்கு ஏறக்குறைய 1 செ.மீ.தான் வளரும். அதுவரை அந்தத் தலைக்கு ஒரு தொப்பி வேண்டும்.

கடையில் தொப்பிக்கா பஞ்சம் என்று கேட்பீர்கள். முடி போன பின் பழைய தொப்பி தொளதொளவென்று நழுவுகிறது. தையல் விளிம்பு வெறும் தோலில் உரசுகிறது. குளிரூட்டிய வார்டில் தலை சில்லிடுகிறது. வெளியே வந்தால் நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் வெயில் வழுக்கைத் தோலை நேராகச் சுடுகிறது. ஆகவே தையல் இல்லாத, மென்மையான, அந்த ஒரு தலைக்கு மட்டுமே அளவான தொப்பி தேவை. இதை ஒரு கொக்கி ஊசியும் ஓர் உருண்டை நூலும் கொண்டு உச்சியிலிருந்து கீழ்நோக்கிப் பின்னிவிடலாம். அப்படிப் பின்னும்போது படிவம் 2இல் வரும் வட்டமும் படிவம் 3இல் வரும் சைனும் கையில் தட்டுப்படும். எனக்கு இந்தப் பாடம் பிடித்திருப்பதற்குக் காரணம் அதுதான்.

கொப்பியாவின் உச்சியைப் பாருங்கள்

வெள்ளை நூலில் பின்னிய கொப்பியா உங்கள் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ இருக்கும். அனுமதி கேட்டு அதை வாங்கி, உச்சியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுவில் சின்னதாக ஒரு வளையம். அதைச் சுற்றிச் சுற்றி வரிசைகள். நடுவிலிருந்து கதிர்கள்போலச் சில கோடுகள் விளிம்பை நோக்கிப் போகலாம். அந்தக் கதிர்களை எண்ணுங்கள். ஆறு, எட்டு, பன்னிரண்டு என்று ஏதாவது ஓர் எண் கிடைக்கும். அந்த எண் எங்கிருந்து வருகிறது? அழகுக்காக வைத்ததா, வேறு காரணம் உண்டா?

பின்னலில் ஒரு நூல் முடிச்சைக் 'கண்' என்று சொல்வோம். முதலில் நூலால் ஒரு சிறு வளையம் செய்து, அதற்குள் ஆறு கண்கள் போடுகிறோம். இது முதல் சுற்று. இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு கண்ணிலும் இரண்டு கண்கள் போட்டால் 12. மூன்றாம் சுற்றில் ஒன்றுவிட்டு ஒன்றில் இரட்டை: 18. நான்காம் சுற்றில் இரண்டுவிட்டு ஒன்றில் இரட்டை: 24. ஒவ்வொரு சுற்றிலும் சரியாக ஆறு கண்கள் கூடுகின்றன. இப்படியே போனால் ஒரு தட்டையான வட்டத் தகடு கிடைக்கும், மேசையில் வைக்கும் கிண்ண விரிப்பு மாதிரி.

ஏன் ஆறு? வட்டத்தின் சுற்றளவு 2 × பை × ஆரம். (மலாய்ப் பாடநூலில் இதையே லிலித்தான், ஜெஜாரி என்று படித்திருப்பீர்கள்.) ஒரு சுற்று பின்னினால் ஆரம் ஒரு கண்ணின் உயரம் அளவுக்குக் கூடுகிறது. அப்போது சுற்றளவு 2 × பை × கண்ணின் உயரம் அளவுக்குக் கூட வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது, வட்டம் ஏற்கெனவே எவ்வளவு பெரியது என்பது கணக்கில் வரவே இல்லை. மூன்றாம் சுற்றானாலும் முப்பதாம் சுற்றானாலும் கூட்ட வேண்டிய நீளம் ஒன்றேதான்.

பூமியைச் சுற்றி இறுக்கமாக ஒரு கயிறு கட்டியதாக நினையுங்கள். எல்லா இடத்திலும் தரையிலிருந்து 1 மீட்டர் உயர்த்த எவ்வளவு கயிறு கூடுதலாக வேண்டும்? ஆயிரக்கணக்கான மீட்டர் என்றுதான் மனம் சொல்லும். விடை 6.28 மீட்டர். ஒரு பந்தைச் சுற்றிய கயிற்றுக்கும் அதே 6.28 மீட்டர்தான். கொப்பியா பின்னுகிறவர்கள் இந்தப் புதிரைச் சொல்லாமலேயே தினமும் விடுவிக்கிறார்கள்.

அந்த நீளத்தை ஒரு கண்ணின் அகலத்தால் வகுத்தால், சுற்றுக்கு எத்தனை கண் கூட்ட வேண்டும் என்பது கிடைக்கும். கண்ணின் உயரமும் அகலமும் சமம் என்றால் விடை 6.28. முழு எண்ணாக ஆறு. கொக்கி ஊசியில் போடும் குட்டைக் கண் ஏறக்குறைய சதுரமாக இருப்பதால் அதற்கு ஆறு. அதைவிட இரு மடங்கு உயரமான நெட்டைக் கண் போட்டால் பன்னிரண்டு. இரண்டு ஊசி கொண்டு பின்னும் ஸ்வெட்டர் பின்னலில் கண்கள் உயரத்தைவிட அகலமானவை. 5 கண் அகலமும் 7 வரிசை உயரமும் ஏறக்குறைய ஒரே நீளம் வரும். 6.28ஐ 5ஆல் பெருக்கி 7ஆல் வகுத்தால் சுமார் 4.5. அதனால் அந்தப் பின்னலில் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று எட்டோ ஒன்பதோ கூட்டுகிறார்கள். உலகெங்கும் பின்னல் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் 6, 8, 12 என்ற எண்களின் பின்னால் நிற்பது பை.

இன்னொன்று. இரட்டைக் கண்களை ஒன்றின் மேல் ஒன்றாக அதே இடத்தில் வைத்துக்கொண்டே போனால் வட்டம் மெல்ல அறுகோணமாகிவிடும். கதிர்கள் தெரிவதும் அதனால்தான். வட்டமாகவே வேண்டும் என்றால் ஒவ்வொரு சுற்றிலும் இரட்டைக் கண்ணின் இடத்தைச் சற்றுத் தள்ளி வையுங்கள். அறுகோணம் பிடித்திருந்தால் அப்படியே விடுங்கள். தலைக்கு ஒன்றும் ஆகாது.

வட்டம் தொப்பியாவது எப்படி?

சுற்றுக்கு ஆறு கூட்டிக்கொண்டே இருந்தால் தட்டையான தகடுதான் வரும். கூட்டுவதைச் சட்டென்று நிறுத்தினால் விளிம்பு செங்குத்தாகக் கீழே இறங்கும். தட்டையான உச்சி, நேரான சுவர். டப்பா மூடி மாதிரியான இந்த உருவம் சில வகைக் கொப்பியாவுக்குப் பொருந்தும். ஆனால் நம் தலை டப்பா அல்ல. உச்சியிலிருந்து மெல்ல வளைந்து இறங்கும் தலையில் இந்த வடிவம் முனைகளில் தூக்கிக்கொண்டு நிற்கும். அதை நாள் முழுக்க அணிந்து படுத்திருக்கும் நோயாளிக்கு மடிப்பு உறுத்தும்.

தலையின் மேற்பாதியை அரைக்கோளம் என்று எடுத்துக்கொள்வோம். உண்மையில் தலை முன்பின்னாக நீண்டது, பக்கவாட்டில் குறுகியது. ஆனால் பின்னலுக்கு இழுவை உண்டு; அந்த வேறுபாட்டை அது விழுங்கிக்கொள்ளும்.

கோளத்தின் மேல் வரையும் வட்டம் தாளில் வரையும் வட்டம்போல நடந்துகொள்ளாது. ஓர் உதாரணம். வட துருவத்தில் நின்று, தரையோடு 10,000 கி.மீ. நீளமுள்ள கயிற்றால் ஒரு வட்டம் போடுங்கள். தாளில் என்றால் அதன் சுற்றளவு சுமார் 62,800 கி.மீ. ஆனால் பூமியில் அந்த வட்டம்தான் நிலநடுக்கோடு. அதன் நீளம் சுமார் 40,000 கி.மீ. மட்டுமே. மிச்சம் 22,800 கி.மீ. எங்கே போயிற்று? பூமி வளைந்திருப்பதால் அது தேவைப்படவே இல்லை. அப்படியானால் மேற்பரப்பை விட்டு வெளியே போகாமலே, வட்டத்தின் ஆரத்தையும் சுற்றளவையும் அளந்து பார்த்து, நாம் நிற்கும் பரப்பு தட்டையா வளைந்ததா என்று சொல்லிவிடலாம் அல்லவா? பரப்பின் வளைவை அந்தப் பரப்புக்குள்ளேயே அளக்கலாம் என்று 1827இல் நிறுவியவர் ஜெர்மானியக் கணிதமேதை கவுஸ். கோளத்தை விண்வெளியிலிருந்து பார்க்க வேண்டியதில்லை. அதன் மேல் ஊரும் எறும்பே கண்டுபிடித்துவிடும்.

பூமியை ஒரு பின்னல் தொப்பி என்று பார்த்தால் கெப்பாலா பத்தாஸ் சுமார் 5 பாகை வட அட்சத்தில், ஏறக்குறைய விளிம்பில் இருக்கிறது. அங்கே ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நீளத்தில் வேறுபாடு மிகக் குறைவு. அதாவது, கண் கூட்ட வேண்டிய வேலை அநேகமாக முடிந்துவிட்ட இடம்.

கோளத்தில் உச்சியிலிருந்து விளிம்பு வரை 90 பாகை. உச்சியிலிருந்து 30 பாகை இறங்கினால் சுற்றளவு முழு அளவில் பாதி, ஏனென்றால் சைன் 30 என்பது 0.5. 60 பாகையில் 0.866 பங்கு. 90 பாகையில் முழுதும். மூன்று சமமான படிகள்தான், ஆனால் முதல் படியில் பாதி நீளம் வந்துவிடுகிறது. இரண்டாவதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். கடைசியில் கொஞ்சமே கொஞ்சம். சைன் அட்டவணையை மனப்பாடம் செய்யச் சொன்னால் முகம் சுளிக்கிறவர்கள் இங்கே அதைத் தொட்டுப் பார்க்கலாம்.

எண்களோடு ஒரு தொப்பி

இனி உண்மையான அளவுக்கு வருவோம். அளவு நாடாவைப் புருவத்துக்குச் சற்று மேலே வைத்து, காதுகளுக்கு மேலாகக் கொண்டுபோய், பின்தலையில் மிகவும் புடைத்த இடத்தைச் சுற்றி எடுங்கள். நாடா இல்லாவிட்டால் ஒரு கயிறும் அளவுகோலும் போதும். மூன்று முறை அளந்து சராசரி எடுப்பது நல்லது. அறிவியல் செய்முறையில் செய்வதுதானே. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 54 முதல் 58 செ.மீ. வரும். 56 வந்தது என்று வைத்துக்கொள்வோம்.

தொப்பி தலையைவிடச் சற்றுச் சிறியதாக இருந்தால்தான் இழுபட்டுப் பிடித்துக்கொள்ளும். நோயாளிக்கு இறுக்கமும் கூடாது. ஆகவே 2 செ.மீ. மட்டும் குறைத்து, 54 செ.மீ. என்று குறி வைப்போம்.

அடுத்து மாதிரித் துண்டு. தொப்பிக்கு எடுத்த அதே நூலில், அதே ஊசியில், உள்ளங்கை அகலத்துக்கு மேல் ஒரு சதுரம் பின்னி, நடுவில் 10 செ.மீ. அளந்து எண்ணுங்கள். சோம்பேறித்தனத்தால் பலரும் தாண்டிப் போகும் படி இது. ஒவ்வொருவர் கையும் நூலை வெவ்வேறு இறுக்கத்தில் பிடிக்கும், அதனால் புத்தகத்தில் போட்டிருக்கும் எண் உங்கள் கைக்குப் பொருந்தாது. நம் உதாரணத்தில் 10 செ.மீ.க்கு 18 கண்கள், 20 வரிசைகள் என்று கொள்வோம். அப்படியானால் 1 செ.மீ.க்கு 1.8 கண், ஒரு வரிசையின் உயரம் 0.5 செ.மீ.

54 × 1.8 = 97.2. ஆறால் வகுபடும் அருகிலுள்ள எண் 96. இதுவே தொப்பியின் மிக அகலமான சுற்று.

அரைக்கோளத்தில் உச்சியிலிருந்து விளிம்பு வரையான தூரம் சுற்றளவில் கால் பங்கு: 13.5 செ.மீ. வரிசைக்கு அரை செ.மீ. என்றால் 27 சுற்றுகள். இவற்றை ஒன்பது ஒன்பதாக மூன்று பங்கு வைக்கிறோம். ஒவ்வொரு பங்கும் 30 பாகை. முதல் பங்கின் முடிவில் 96இல் பாதி, 48 கண்கள். இரண்டாம் பங்கின் முடிவில் 96 × 0.866, சுமார் 83. ஆறால் வகுபட வேண்டும் என்பதால் 84. மூன்றாம் பங்கின் முடிவில் 96.

இப்போது பின்னல் தானாகவே எழுதிக்கொள்கிறது. 1 முதல் 8 வரை ஒவ்வொரு சுற்றிலும் ஆறு கூட்டினால் 48 வந்துவிடும். 9ஆம் சுற்றைக் கூட்டாமல் பின்னுங்கள். அடுத்த ஒன்பதில் 36 கண்கள் கூட வேண்டும். அதற்கு ஆறு கூட்டும் சுற்றுகள்: 10, 11இல் கூட்டி 12ஐ வெறுமனே விடுங்கள், 13, 14இல் கூட்டி 15ஐ விடுங்கள், 16, 17இல் கூட்டி 18ஐ விடுங்கள். 84 ஆயிற்று. கடைசி ஒன்பதில் இரண்டே இரண்டு முறை, 21இலும் 25இலும் கூட்டினால் 96. அதற்குக் கீழே கூட்டவே வேண்டாம். மேலும் 13 சுற்று நேராக இறங்கினால் உச்சியிலிருந்து மொத்த ஆழம் 20 செ.மீ.; காதின் மேற்பகுதி வரை மூடும்.

கூட்டிப் பார்த்தால் முழுத் தொப்பிக்கு 2,958 கண்கள். ஏறக்குறைய மூவாயிரம். புதிதாகக் கற்கும் கைக்கு ஒரு வார மாலை வேலை.

ஏன் உச்சியிலிருந்து?

விளிம்பிலிருந்து மேல்நோக்கியும் பின்னலாம். பலர் அப்படித்தான் பின்னுகிறார்கள். அப்போது 96 கண்கள் என்று முதல் வரிசையிலேயே முடிவெடுத்துவிட வேண்டும். உங்கள் கை மாதிரித் துண்டில் இருந்ததைவிடச் சற்று இறுகி, 10 செ.மீ.க்கு 18க்குப் பதில் 19 கண்கள் விழுந்தால் என்ன ஆகும்? 96 கண்களின் நீளம் 53 செ.மீ.யிலிருந்து 50.5 செ.மீ.யாகச் சுருங்கிவிடும். ஒரே ஒரு கண் வித்தியாசம்; தொப்பி 56 செ.மீ. தலையில் நெற்றியை அழுத்தி வரி போடும். அது தெரிய வருவது பெரும்பாலும் வேலை முடிந்த பிறகு.

உச்சியிலிருந்து தொடங்கினால் எந்த நேரத்திலும் தலையில் வைத்துப் பார்க்கலாம். உச்சி தூக்கிக்கொண்டு நிற்கிறதா? கூட்டியது போதவில்லை. விளிம்பு அலையலையாக மடிகிறதா? கூட்டியது அதிகம். சரியாகப் பிடித்ததா? 90 வந்த நிலையிலேயே கூட்டுவதை நிறுத்திவிடலாம். சூத்திரம் 96 என்று சொன்னதற்காக 96தான் வேண்டும் என்பதில்லை. பொறியியலில் இதைப் பின்னூட்டம் என்பார்கள். குளிரூட்டி அறை வெப்பத்தை அளந்து பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்வதும் இதே வழியில்தான்.

பிரித்துப் பின்னும் செலவையும் பாருங்கள். முதல் ஒன்பது சுற்றுகளில் இருப்பவை 264 கண்கள். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தொப்பியின் வடிவத்தைத் தீர்மானிக்கும் உச்சிப் பகுதியில் பிழை வந்தால் அதைத் திருத்துவதுதான் மிக மலிவு. கீழ்ப்பகுதியில் ஒவ்வொரு சுற்றும் 96 கண்கள். ஆனால் அங்கே முடிவெடுக்க அதிகம் இல்லை, நேராக இறங்கினால் போதும். நூல் தீர்ந்துபோனாலும் தொப்பி சற்றுக் குட்டையாகும். உச்சியில் ஓட்டை விழாது.

கூட்டிக்கொண்டே போனால்?

இதுவரை வட்டத்துக்குத் தேவையானதையும் அதைவிடக் குறைவாகவும் கூட்டினோம். தேவைக்கு மேலே கூட்டினால்? எடுத்துக்காட்டாக, எந்தச் சுற்றானாலும் ஆறு கண்ணுக்கு ஒன்று கூட்டுவது என்று வைத்துக்கொண்டால், கண்களின் எண்ணிக்கை கூட்டுவட்டிபோலப் பெருகும். சுற்றளவுக்கு இடம் போதாமல் விளிம்பு மேலும் கீழும் மடிந்து சலாட் இலை போலச் சுருளும். தலைக்கு இது உதவாது. ஆனால் கணிதத்துக்கு உதவியது.

கோளத்துக்கு நேர் எதிரான வளைவுள்ள இத்தகைய பரப்பை அதிபரவளையத் தளம் என்பார்கள். வடிவியலாளர்கள் நூறு ஆண்டுகளுக்கு மேலாக அதைப் பற்றி எழுதியிருந்தாலும், கையில் பிடித்து மடித்துப் பார்க்க உறுதியான மாதிரி கிடைக்கவில்லை; தாளில் ஒட்டிச் செய்தவை கிழிந்துபோயின. 1997இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கற்பித்துவந்த லாட்வியக் கணிதவியலாளர் டைனா டைமினா கொக்கி ஊசியை எடுத்து அதைப் பின்னியே காட்டினார். பிறகு ஆஸ்திரேலியாவில் பிறந்த இரட்டைச் சகோதரிகள் மார்கரெட் வெர்தைம், கிறிஸ்டின் வெர்தைம் இருவரும் 2005இல் இதே முறையில் பவளப்பாறைகளைப் பின்னத் தொடங்கினார்கள். பவளம், கடல் நத்தை வகைகள் சிலவற்றின் விளிம்புகள் இப்படிச் சுருண்டிருப்பதற்குக் காரணம் இதே கணிதம்தான்; விளிம்பு நடுவைவிட வேகமாக வளர்கிறது. கெடாவின் பூலாவ் பாயார் கடற்பூங்காவுக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தால் நீருக்கடியில் இதைத் தேடிப் பாருங்கள்.

பின்னலுக்குள் கணிதம் கண்டவர்களில் இன்னொருவரையும் சொல்ல வேண்டும். எலிசபெத் சிம்மர்மன் (1910–1999) இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த பின்னல் ஆசிரியர். ஒவ்வொரு சுற்றிலும் கூட்டுவது அவருக்குச் சலிப்பாக இருந்திருக்க வேண்டும். ஆரம் இரு மடங்கானால் சுற்றளவும் இரு மடங்காகும் என்பதை எடுத்துக்கொண்டு, ஆரம் இரட்டிக்கும் இடங்களில் மட்டும் எல்லாக் கண்களையும் ஒரேயடியாக இரட்டிப்பாக்கினார். 9, 18, 36, 72, 144 என்று போகும். இடையில் உள்ள சுற்றுகளில் மனம் எங்கே வேண்டுமானாலும் அலையலாம். அவர் அதற்கு வைத்த பெயர் பை சால்வை.

நூலும் தலையும்

தலை வழியாகத்தான் உடலின் பாதி வெப்பம் வெளியேறுகிறது என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பெரியவர்களுக்கு இது உண்மையல்ல. தலை உடல் பரப்பில் சுமார் பத்தில் ஒரு பங்கு. வெப்ப இழப்பும் ஏறக்குறைய அந்த அளவுதான். 2008இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இதை ஒரு கட்டுக்கதை என்று எடுத்துக்காட்டினார்கள். பிறந்த குழந்தையின் கதை வேறு. அதன் உடல் நீளத்தில் கால் பங்கு தலை. பெரியவர்களுக்கு அது எட்டில் ஒரு பங்குதான். அதனால்தான் பிறந்தவுடன் குழந்தையைத் துடைத்துத் தொப்பி போடுகிறார்கள். பிறக்கும்போது சுமார் 35 செ.மீ. இருக்கும் தலைச் சுற்றளவு ஒரு வயதில் சுமார் 46 செ.மீ. ஆகிவிடும். குழந்தைக்குப் பின்னினால் சீக்கிரம் கொடுத்துவிடுங்கள்.

முடியில்லாத தலைக்கு எந்த நூல்? கம்பளி குத்தும். இது மனப்பிரமை அல்ல. சுமார் 30 மைக்ரோனுக்கு மேல் தடிமனான இழைகளின் நுனி வளையாமல் தோலின் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. பருத்தி இழை 20 மைக்ரோன் அளவிலோ அதற்குக் குறைவாகவோ இருக்கும், வியர்வையையும் உறிஞ்சும். நம் ஊர்ச் சூட்டுக்குப் பருத்திதான். ஒரு குறை உண்டு, பருத்தி நூல் கம்பளிபோல இழுபட்டுத் திரும்பாது. பின்னலின் இழுவை பெரும்பாலும் நூலிலிருந்து வருவதில்லை என்பதால் சமாளிக்கலாம். வளைந்து கிடக்கும் கண்கள் வடிவம் மாறி நீள்வதால்தான் துணி இழுபடுகிறது. சட்டைத் துணிக்கும் பனியன் துணிக்கும் உள்ள வேறுபாடும் இதுவே. முன்னதில் இழைகள் நேராகக் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன, பின்னதில் வளையங்கள்.

மருத்துவமனைக்குக் கொடுக்க நினைத்தால் முதலில் வார்டில் கேளுங்கள். கீமோதெரபியின்போது வெள்ளை இரத்த அணுக்கள் குறைவதால் நோயாளிக்குத் தொற்று எளிதில் வரும். எனவே வாசனையில்லாத சோப்பில் துவைத்து, நன்றாகக் காயவைத்து, சுத்தமான பையில் போட்டுக் கொடுக்க வேண்டும். மணி, பித்தான், ரோமப் பந்து எதுவும் வேண்டாம், படுத்தால் உறுத்தும். உங்களுக்குத் தெரிந்த ஒருவருக்கு என்றால் அவரையே கேட்டு அளவெடுங்கள். எந்த நிறம் பிடிக்கும் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். நோயாளி என்றாலே வெள்ளையும் வெளிர்நீலமும் என்று யார் முடிவு செய்தார்களோ!

செய்து பாருங்கள்

உங்கள் தங்கைக்கோ தம்பிக்கோ தலையை அளந்து, 2 செ.மீ. குறைத்துக்கொள்ளுங்கள். மாதிரித் துண்டில் 10 செ.மீ.க்கு 20 கண்கள், 20 வரிசைகள் வந்ததாகக் கொண்டு, மிக அகலமான சுற்றில் எத்தனை கண், உச்சியிலிருந்து அங்கே வர எத்தனை சுற்று, 30 பாகையிலும் 60 பாகையிலும் எத்தனை கண் என்று கணக்கிடுங்கள். ஊசி எடுக்கும் முன் தாளில் ஒரு சரிபார்ப்பு: சுற்றளவு 50 செ.மீ. என்றால் 100 கண்கள் வரும். ஆறால் வகுபடுமாறு 102 என்றோ 96 என்றோ மாற்ற வேண்டும். இரண்டில் எதை எடுப்பீர்கள், ஏன்? பருத்தி நூலுக்கும் கம்பளி நூலுக்கும் உங்கள் விடை மாறுமா?